பழைய றைபிள்களும் குறித்திருத்தமும்

இவ்விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, எதைப்பற்றி எழுதுவதென்று நாம் பல நாள் எண்ணியதுண்டு. சமயத்தைப்பற்றியும் தமிழைப்பற்றியும் எழுத எம்மினும் தகுதி வாய்ந்தோர் இக்கல்லூரியின் பழைய மாணவருட் பலர் உளர். ஆதலின், கடேற் பயிற்சி பெற்ற நாள்தொட்டு எமக்குப் பழக்கமான பொருளொன்றை எடுத்துக்கொண்டோம். பழைய படைத் துவக்கொன்றைச் சோதித்துச் சுட்டுப்பார்த்து, அதன் குறியை எவ்வாறு திருத்துவது என்பதே அது.

இந்துக் கல்லூரியொன்றின் மலரில் துவக்கைப்பற்றி எழுதுவது தகுமோவென்று சிலர் ஐயுறலாம். 1983 முதல் 2009 வரை நடந்த போரிலே துவக்கொலியைக் கேட்டுக்கேட்டுச் சலித்த மண் இது. அந்த ஐயத்தை நாம் மதிக்கின்றோம். நாம் பேசப்போவது போர்த்தொழிலை விட்டு ஓய்ந்துபோன துவக்குகளைப்பற்றி. அவை இன்று துளைப்பவை கடதாசி இலக்குகளையே. அன்றியும், இதனுள்ளே அடங்கியிருப்பது வகுப்பறையிற் படித்த கேத்திர கணிதமும் பௌதிகமும் இரசாயனமுமேயன்றி வேறன்று.

தமிழகத்தார் துப்பாக்கி என்பதை நாம் துவக்கு என்கின்றோம். குழலின் உட்புறத்திலே திருகுபோலச் சுழன்று செல்லும் புரிகள் வெட்டப்பட்ட துவக்கே றைபிள். புரிகள் சன்னத்தைப் பம்பரம்போற் சுழற்றிவிடுகின்றன; சுழல்வதனால் அது தலைகுப்புற விழாமல் முகம் மாறாது செல்கின்றது. பிரித்தானிய ஆட்சி நடந்த நாடுகளிலெல்லாம், இலங்கையிலும், படைவீரரும் பொலிசாரும் கடேற் மாணவரும் கையாண்ட .303 என்னும் துவக்கே இக்கட்டுரையின் பொருள். .303 என்பது குழல்வாயின் விட்டம். அங்குலத்தின் ஆயிரத்தில் 303 பங்கு. லீ-என்பீல்ட் என்பது அதன் முழுப் பெயர். லீ என்பவர் ஸ்கொத்லாந்திலே 1831 இற் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவிலே தொழில் செய்த ஜேம்ஸ் பாரிஸ் லீ. போல்ற் அமைப்பும் ரவைக் கூடும் அவருடையன. என்பீல்ட் என்பது இலண்டனுக்கு வடக்கேயிருந்த அரசாங்க ஆயுதத் தொழிற்சாலை. இதற்கு முன்னிருந்த துவக்கிலே மெற்போட் என்பவர் வகுத்த ஆழமற்ற புரிகள் இருந்தன. கோடைற்று என்னும் புகையற்ற மருந்தின் வெப்பத்தை அவை தாங்காமல் தேய்ந்துபோனமையால், 1895 இல் ஆழமான ஐந்து புரிகள் வெட்டப்பட்டன. அப்புரிகள் இடப்புறமாகச் சுழல்வன. பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று. 1907 இல் வந்த மூன்றாம் மார்க் துவக்கும் 1939 இல் ஏற்கப்பெற்ற நாலாம் இலக்கத் துவக்குமே இன்று சேகரிப்போர் கையிலே பெரும்பாலும் காணப்படுவன. கனடாவின் வடபுலக் காவலர் 1947 முதல் எழுபது ஆண்டளவாக இதனையே சுமந்தனர். இந்தியாவின் உத்தரப் பிரதேசப் பொலிசார் 2020 ஆம் ஆண்டுக் குடியரசு தினத்தன்றே இதற்கு விடை கொடுத்தனர்.

இத்துணைப் புகழ்பெற்ற துவக்கு தன் தொடக்க நாளிலேயே ஒரு பெரும் அவமானத்துக்கு உள்ளாயிற்று. அது குறித்திருத்தத்தின் இன்றியமையாமையை எவ்வகை விளக்கத்தினும் நன்கு காட்டும். 1899 இல் தென்னாபிரிக்காவிலே போயர் யுத்தம் மூண்டது. போயர் உழவர்கள் தொலைவிலிருந்து குறி தவறாது சுட, பிரித்தானிய வீரரின் சூடுகளோ தவறின. வீரருக்குச் சுடத் தெரியவில்லையென்ற பேச்சு எழுந்தது. பின்னர் துவக்குகளைச் சோதித்தபொழுது, புதிதாக வழங்கப்பெற்றவற்றுட் பல 500 யார் தூரத்திலே ஏறத்தாழ 18 அங்குலம் வலப்புறமாகச் சுடுகின்றன என்பது தெரியவந்தது. குறிகள் பிழையாக அமைக்கப்பட்டிருந்தன. பின்குறியை மாற்றியே குறையைப் போக்கினர். பிழையின் அளவு எவ்வளவென்று கணக்கிடுவோமாக. ஒரு யார் 36 அங்குலம். 500 யார் 18,000 அங்குலம். 18,000 இல் 18 என்றால் ஆயிரத்தில் ஒன்று. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 20 அங்குலமென்று கொண்டால், அதில் ஆயிரத்திலொரு பங்கு அங்குலத்தின் ஐம்பதிலொன்று. ஒரு நகத்தின் தடிப்பளவான பிழை, மனிதனொருவனை முற்றாகத் தவறவிடப் போதுமாயிருந்தது. அந்த யுத்தத்திலே சிறைப்பட்ட போயர்கள் ஏறத்தாழ ஐயாயிரவர் 1900 முதல் எமது நாட்டுத் தியத்தலாவையிலே காவலில் வைக்கப்பட்டிருந்தனர் என்பதை இளைய மாணவர் அறிந்திருக்கமாட்டார்.

துவக்கின் பிழைக்கு மனிதன் பழியேற்பதை நாமும் ஒருமுறை கண்டோம். எமது மாணவப் பருவத்திலே பயிற்சி முகாமொன்றில், எம்மோடு வந்த நண்பனொருவனுக்கு ஐந்து ரவைகள் கொடுக்கப்பட்டன. ஐந்தும் இலக்கிற் படவில்லை. மறுநாளும் அவ்வாறே. ‘உனக்குக் கண் பழுது’ என்று பயிற்றுவித்தவர் எல்லோர் முன்னிலையிலும் ஏசினார். நண்பனோ வாவிக்கரையிற் பிறந்தவன். இரவிலே தோணியின் முனையில் நின்று, சூள் வெளிச்சத்தில், மண்டா என்னும் மீன்குத்தும் ஈட்டியால் ஓடும் மீனைக் குத்துபவன். நீரினுள் மீன் தோன்றும் இடம் வேறு, இருக்கும் இடம் வேறு என்பதைப் பள்ளியிலே ஒளிமுறிவைப் படிக்குமுன்னரே அவன் கை அறிந்திருந்தது. அப்படிப்பட்டவனுக்குக் கண் பழுதென்றால் யார் நம்புவர்? மூன்றாம் நாள் முகாமிலிருந்த துவக்குக் கம்மியர் ஒருவர் அத்துவக்கை வாங்கி, மணல்மூட்டையின்மேற் கிடத்தி, பெரிய வெள்ளைத் தாளொன்றை இலக்காக வைத்துத் தாமே ஐந்து முறை சுட்டார். ஐந்து துளைகளும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கின. ஆனால் அவ்வுள்ளங்கை குறிவைத்த புள்ளிக்கு இடப்புறம் ஓரடிக்கு அப்பால் இருந்தது. குறித்திருத்தத்தின் முழுப் பாடத்தையும் நாம் அன்று அத்தாளிலேயே கற்றோம். துளைகள் ஓரிடத்தில் திரண்டிருந்தால் சுடுபவன் பிழையில்லை. அத்திரள் இருக்கும் இடமே துவக்கின் பிழை. துளைகள் சிதறிக் கிடந்தாலோ, பிழை யாருடையதென்று சொல்ல வழியில்லை. ஆகவே முதலிலே திரளைப் பெறவேண்டும். பின்னரே அதனை நகர்த்தவேண்டும். இவ்வொழுங்கை மாற்றி, ஒவ்வொரு சூட்டுக்கும் குறியை அங்குமிங்கும் அசைப்பவன் நாள் முழுவதும் சுட்டாலும் கரை சேரான்.

ஆனால் பழைய துவக்கொன்றை எடுத்தவுடன் சுடலாகாது. அதற்கு உரிமப்பத்திரம் வேண்டுமென்பது 1916 ஆம் ஆண்டுச் சுடுகலச் சட்டம் அறிந்த எவர்க்கும் தெரியும். அதனை விடுத்து, சுடுபவனின் உயிரைப்பற்றிச் சிறிது கூறுவோம். போல்ற்றைக் கழற்றிக் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கவேண்டும். குளவி கட்டிய மண்கூடோ, கந்தைத் துணியோ, முன்னொருநாள் நடுவழியிலே சிக்கிய சன்னமோ உள்ளே இருந்தால், அடுத்த சூட்டிலே குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். பின்னர் போல்ற்றிலும் துவக்கின் உடலிலும் வெட்டப்பட்ட இலக்கங்கள் ஒன்றாயுள்ளனவாவென்று நோக்கவேண்டும். வேறு துவக்கின் போல்ற்று உள்ளே புகுந்து பூட்டிக்கொள்ளலாம். ஆயினும் ரவையின் விளிம்பு தங்குமிடத்துக்கும் போல்ற்றின் முகத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி அளவு கடந்திருத்தல் கூடும். அந்த இடைவெளி 0.064 அங்குலத்துக்குக் குறையாமலும் 0.074 அங்குலத்துக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். இதற்கென அளவுக் கட்டைகள் உள. மிகுந்திருந்தால் கோது பின்னோக்கி நீண்டு கிழிந்து, வெந்த வாயு சுடுபவனின் முகத்தை நோக்கி வரும். இதிலே ஐயமிருந்தால் கம்மியர் துவக்கைக் கட்டைகளிற் பிணைத்து, நீண்ட கயிற்றால் விசைவில்லை இழுத்து, மறைவில் நின்றே முதற் சூட்டைச் சுடுவார். இதைக் கோழைத்தனமென்று சிரித்த இளைஞரை நாம் கண்டிருக்கின்றோம். கோது கிழிந்து வெளிவந்ததைக் கண்ட எவரும் சிரிப்பதில்லை.

சோதனை முடிந்தபின் குழலிலுள்ள எண்ணெயைத் துடைத்தல் வேண்டும். எண்ணெய் படிந்த குழலிலிருந்து செல்லும் முதற் சன்னம் தன் கூட்டத்தோடு சேராது. திருகாணிகள் யாவும் இறுகியுள்ளனவாவென்று பார்த்து, சூட்டுத் திடலிலே சிவப்புக் கொடி ஏற்றி, குப்புறப் படுத்து, மணல்மூட்டையிலே துவக்கின் முன்மரத்தைத் தாங்கி, சோங்கைத் தோளிற் பதித்து, ஒரே புள்ளியில் ஒரே விதமாக ஐந்து முறை சுடவேண்டும். குழலை மூட்டையின்மேல் வைத்தலாகாது, மரத்தையே வைக்கவேண்டும். இதன் காரணம் நயமுடையது. சிறிது விரித்துரைக்க மலர்க்குழுவினர் இடம் தருவாராக.

கல்லடி உப்போடையிலே 1929 இல் சிவானந்த வித்தியாலயத்தைத் திறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் கற்று விஞ்ஞானம் கற்பித்தவர். அவர் இறுதியாகச் செய்த யாழ் நூல் 1947 இல் வெளிவந்தது. நரம்பின் நீளத்துக்கும் அதன் அதிர்வுக்கும் உள்ள கணக்கை அந்நூலைத் திறந்தவர் அறிவர். துவக்கின் குழலும் ஒருவகையில் யாழின் இனத்தைச் சேர்ந்ததே. ஒரு முனை இறுகப் பிடிக்கப்பட்டு மறுமுனை நீண்டு நிற்கும் உருக்குக் கோல் அது. மருந்து வெடித்தவுடன் அது மேலுங்கீழும் அதிர்கின்றது. சன்னம் குழலை விட்டு நீங்குவதும் அவ்வதிர்வின் நடுவிலேயே. குழல்வாய் மேல்நோக்கும் கணத்தில் நீங்கினால் மேலே படும். கீழ்நோக்கும் கணத்தில் நீங்கினால் கீழே படும். ஒவ்வொரு சூட்டிலும் அதிர்வு ஒரே விதமாயிருந்தால் யாதொரு கேடுமில்லை. திரள் ஓரிடத்திலேயே விழும். குழலின்மேற் கல்லோ மூட்டையோ படுமாயின், யாழ்நரம்பிலே விரல் வைத்ததுபோல அதிர்வு மாறிவிடும். லீ-என்பீல்டிலே இவ்வதிர்வு ஒரு நன்மையும் செய்கின்றது. ரவைகளெல்லாம் ஒரே வேகமுடையனவல்ல. சற்று மெதுவான சன்னம் சற்றுப் பிந்தியே குழலை விட்டு நீங்கும். அதற்குள் குழல்வாய் மேல்நோக்கி எழுந்திருக்கும். மெதுவான சன்னம் வழியிலே மிகுதியாக இறங்கும் இறக்கத்தை, அது புறப்படும் ஏற்றம் ஈடுசெய்கின்றது. இதனால் 800 யாருக்கு மேற்பட்ட தூரங்களிலே, இதனினும் உறுதியான போல்ற்றுடைய துவக்குகளையும் இது வென்றதென்று இங்கிலாந்தின் பிஸ்லி சூட்டுத் திடலார் கண்டனர். இதை அமைத்தோர் முன்கூட்டியே எண்ணியமைத்ததன்று, தானாய் வாய்த்த நலமே என்பது எமது கருத்து.

இனி, திரளை இலக்கிலே பெற்றுவிட்டோம் என்று கொள்வோம். அது எங்கே விழவேண்டும்? புள்ளியின் நடுவிலே என்று விடை கூறுவோர் பலர், அது தவறு. மூன்றாம் மார்க் துவக்கின் பின்குறியிலே மிகக் குறைந்த தூரம் 200 யார். சன்னம் நேர்கோட்டிலே செல்வதில்லை. குழலை விட்ட கணமே வீழத் தொடங்குகின்றது. 1910 இல் ஏற்கப்பெற்ற ஏழாம் மார்க் ரவையின் சன்னம் விநாடிக்கு 2,440 அடி வேகத்திற் புறப்படுவது. கல்லடியின் பழைய பாலத்தை எண்ணிப் பாருங்கள். 1924 இலே திறக்கப்பட்டு மனிங் சீமாட்டியின் பெயர் பெற்ற அதன் நீளம் ஏறத்தாழ 300 யார். அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அத்தகைய சன்னமொன்று சமமட்டமாகச் செல்வதாக மனத்தளவில் எண்ணினால், அரை விநாடிக்குள்ளேயே போய்ச் சேரும். ஆயினும் அதற்குள் ஏறத்தாழ இரண்டரை அடி வீழ்ந்திருக்கும். இவ்வீழ்ச்சியை ஈடுசெய்யவே குறிகள் குழலைச் சிறிது மேல்நோக்கச் செய்கின்றன. ஆகவே 200 யாருக்கு அமைத்த குறியோடு 100 யாரிலே சுட்டால், சன்னம் வளைவின் மேற்பகுதியிலேயே இருக்கும். புள்ளிக்கு மேலே இரண்டு மூன்று அங்குலத்திற் படும். அதுவே சரியான இடம். இதை அறியாது, 100 யாரிலே மேலே படுகின்றதென்று முன்குறியை மாற்றி, 200 யாரிலே இலக்கின் அடியைச் சுட்டு விழிப்போர் எல்லா நாட்டிலும் உளர்.

பக்கவாட்டுப் பிழைக்கு வருவோம். நண்பனின் துவக்கு 100 யாரிலே 12 அங்குலம் இடப்புறம் சுட்டதென்று வைத்துக்கொள்வோம். கண்ணிலிருந்து இலக்குவரை ஒரு நீண்ட முக்கோணம். பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையே ஒரு சிறு முக்கோணம். இரண்டும் வடிவொத்தவை. இத்துவக்கிலே குறிகளுக்கிடையிலுள்ள தூரம் ஏறத்தாழ 19½ அங்குலம். 100 யார் 3,600 அங்குலம். ஒன்றை மற்றதாற் பிரித்தால் ஏறத்தாழ 185 வரும். 12 அங்குலத்தை 185 ஆற் பிரிக்க, ஏறத்தாழ 0.065 அங்குலம் கிடைக்கும். முன்குறியை அவ்வளவு தூரம் நகர்த்தினாற் போதும். எந்தப் பக்கம்? சன்னம் போன பக்கமே. இடப்புறம் போனால் முன்குறியையும் இடப்புறமே தள்ளவேண்டும். ஏனெனில் தள்ளிய முன்குறியை மீண்டும் புள்ளிக்கு நேரே கொண்டுவருவதற்குக் குழலை வலப்புறம் திருப்ப நேரும். பின்குறியாயின் இதற்கு எதிர்மாறு. மேல்கீழ்ப் பிழைக்கும் அதே விதி: மேலே படுமாயின் உயரமான முன்குறித் தகடு, கீழே படுமாயின் தாழ்ந்த தகடு. 0.015 அங்குல ஏற்றத்தாழ்வோடு பல தகடுகள் செய்யப்பட்டிருந்தன. ஒரு படி மாற்றினால் 100 யாரிலே திரள் ஏறக்குறைய 2¾ அங்குலம் நகரும். கணக்கைப் போட்டுப் பார்க்க விரும்பும் மாணவர் 0.015 ஐ 185 ஆற் பெருக்குக. நகர்த்துவதற்குச் சுத்தியலால் தட்டுவோர் உண்டு. அதற்கென்றே திருகுபூட்டிய கருவி இருக்கையிலே சுத்தியலை எடுத்தல் அறிவீனம்.

தொழிற்சாலையிலும் இவ்வாறே செய்தனர். துவக்கைப் பொறியிற் பூட்டி 100 அடி தூரத்திலே ஐந்து சூடு. அவற்றுள் நான்காயினும் ஓரங்குல அகலமும் ஒன்றரை அங்குல உயரமும் உள்ள கட்டத்துள் விழவேண்டும். அவ்வளவே. இன்று அதே துவக்கிடம் அதனினும் மிகுதியாக எதிர்பார்த்து ஏமாறுவோர், நூறாண்டு முதியவரை ஓட்டப் பந்தயத்துக்கு அழைப்பவரை ஒப்பர்.

இவ்வாறு திருத்திய குறி என்றைக்கும் நிலைக்குமோவெனில், நிலையாது. லீ-என்பீல்டின் குழலை நுனிவரை மரம் மூடியிருக்கின்றது. மரம் ஈரத்தை உண்ணும் பொருள். ஒருபுறம் வாவியும் மறுபுறம் கடலுமாயிருக்கும் கல்லடி போன்ற ஊரிலே, வாடைக்கால மழைக்கும் கச்சான் காற்றின் வறட்சிக்கும் இடையே கதவுகள் எவ்வாறு இறுகித் தளர்கின்றன என்பதை வீட்டுக்கு வீடு அறிவர். துவக்கின் மரமும் அவ்வாறே வீங்கியும் சுருங்கியும் குழலை ஒருபுறம் தள்ளும். பயனெற்றுக் கத்தியை நுனியிற் பூட்டினாலும் அதிர்வு மாறித் திரள் இடம்பெயரும். ஆகையால் எப்பருவத்தில், எந்த ரவையால், கத்தி பூட்டியோ பூட்டாமலோ திருத்தினோம் என்பதையெல்லாம் ஒரு சிறு குறிப்புப் புத்தகத்திலே எழுதிவைத்தல் நன்று.

சுட்டு முடிந்தபின் செய்யவேண்டிய வேலையொன்று உண்டு. பழைய துவக்குகளுட் பல பாழானதற்கு அதைச் செய்யாமையே காரணம். பழைய .303 ரவையின் அடியிலுள்ள வெடிப்பொட்டிலே பொட்டாசியங் குளோரேற்று இருந்தது. அது எரிந்தபின் பொட்டாசியங் குளோரைட்டாய்க் குழலிற் படிகின்றது. இது கறியுப்பின் உடன்பிறப்பு. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து உருக்கைத் துருப்பிடிக்கச் செய்யும். எண்ணெய் பூசினால் துரு வராதென்று நம்புவோர் ஏமாறுவர். உப்பு எண்ணெயிற் கரையாது, நீரிலேயே கரையும். புரிகளின் மூலைகளிலே துரு அரித்துவிட்டால் திரள் சிதறும். பின்னர் எந்தக் குறித்திருத்தமும் பயன்படாது. ஆதலின் புனல் வைத்துக் குழலினூடே கொதிநீரை ஊற்றிக் கழுவவேண்டும். சூடேறிய உருக்குத் தானே உலர்ந்துவிடும். பின்னர் நாலங்குல நீளமும் இரண்டங்குல அகலமுமுள்ள பிளானல் துணியை இழுகயிற்றிலே கோத்து இழுத்து, இறுதியாகவே எண்ணெய் இடவேண்டும். அந்த இழுகயிறும் எண்ணெய்க் குப்பியும் சோங்கின் உள்ளேயுள்ள பொந்திலே இருக்கும். பலருக்கு அங்கே ஒரு கதவு உண்டென்பதே தெரியாது.

எமது முகாமிலே கொதிநீர் கிடைக்கும் இடம் ஒன்றுதான், சமையற் கொட்டகையின் தேநீர்க் கிடாரம். நண்பனின் துவக்குக்கு முன்குறி நகர்த்தப்பட்ட அன்று மாலை அவன் மீண்டும் ஐந்து ரவை சுட்டான். நான்கு கறுப்புப் புள்ளியினுள்ளும் ஒன்று அதன் விளிம்பிலும் பட்டன. ஏசியவர் ஒன்றும் பேசவில்லை. நண்பன் துவக்கைத் தோளிற் சுமந்துகொண்டு நேரே கொட்டகைக்குச் சென்று, கிடாரத்திலிருந்து ஒரு வாளி நீரைக் கேட்டு வாங்கிவந்தான். அன்று எங்கள் அணிக்குத் தேநீர் கிடைக்க இருட்டிவிட்டது.